விதைநெல்லும் வெற்றிக்கோப்பையும்

(புதுவாயல் பொங்கல் விழாப் பட்டிமன்றம்: நடுவரின் தீர்ப்புரை)



நேற்று ராத்திரி என் துணைவியார்கிட்ட, "நாளைக்குப் புதுவாயல்லே பட்டிமன்றம்"னு சொன்னேன். "இருக்கிற வாயையே தாங்க முடியலே, இதுல புது வாய் வேறயா?"ன்னாங்க. (சிரிப்பு) நான் தமிழ் படித்தவன், டாக்டர் பட்டம் வாங்கியவன். அந்த இடத்துல வாயைத் திறக்கலே. (சிரிப்பு, கைதட்டல்) ஆனால் செங்குன்றம், காரனோடை, கவரைப்பேட்டை என்று வழி முழுக்க அந்தப் பெயரையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு பக்கம் கம்பெனி வாசல், இன்னொரு பக்கம் நெல் வயல். புதுவாயல் என்று சொன்னால் என் காதுக்கு வாயிலும் கேட்கிறது, வயலும் கேட்கிறது. இது ஊர்ப்பெயர் ஆராய்ச்சி இல்லீங்க, காதுக்குக் கேட்டதைச் சொல்கிறேன். ஆனால் இன்றைக்குத் தீர்ப்புச் சொல்ல எனக்கு அந்த இரண்டுமே வேண்டியிருக்கும்.

வழக்கமா எங்களுக்கு என்ன தலைப்பு தருவாங்க? மகிழ்ச்சி பெரிதும் தருவது மகனா, மகளா? மாமியாரா, மருமகளா? முப்பது வருஷமா அதையே பேசி, இப்ப எங்க வீட்டு மாமியாரும் மருமகளும் ஒண்ணு சேர்ந்துகிட்டு என்னை எதிர்க்கிறாங்க. (சிரிப்பு) புதுவாயல் தம்பிகள் வேற மாதிரி. "ஐயா, கோப்பைக்குப் பக்கத்துல நிக்கிற ஒரு கிரிக்கெட் அணி, கையில இருக்கிற சின்னப் பையனைக் கொடுத்துட்டு அனுபவசாலியை வாங்கலாமா, இல்லே பையனை வைச்சு வளர்க்கணுமா? இதுக்குத் தீர்ப்புச் சொல்லுங்க"ன்னு கேட்டாங்க.

பாட்டிமார்களுக்குப் புரியும்படி சொல்றேன். தை மாசம் பெண்ணுக்குக் கல்யாணம். கையில காசு இல்லை. கொட்டில்ல ஒரு கன்னுக்குட்டி நிக்குது. வித்தா இன்னிக்குப் பந்தல் போடலாம். வைச்சா மூணு வருஷம் கழிச்சுப் பால் கறக்கலாம். விக்கிறதா, வைக்கிறதா? இவ்வளவுதாங்க தலைப்பு.

இதற்குத் தமிழிலே ஒரு பழைய வழக்கு இருக்கிறது. பெரியபுராணத்தில் இளையான்குடி மாறனார் வரலாறு. வறுமை வந்து வாட்டுகிற காலம். அன்று பகலில்தான் வயலில் விதைநெல் விதைத்திருக்கிறார். இரவில் கொட்டுகிற மழை. வாசலில் ஓர் அடியார் பசியோடு நிற்கிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. மாறனார் கூடையை எடுத்துக்கொண்டு இருட்டில் வயலுக்குப் போனார். விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வந்தார். அந்த அம்மையார் அதை வறுத்துக் குத்திச் சோறாக்கினார். வந்த விருந்தாளி சிவபெருமான் என்று புராணம் முடிகிறது.

விதைநெல்லை எடுத்துச் சமைக்கலாம் என்பதற்கு நம்மிடம் இருக்கிற பெரிய சாட்சி இதுதான். ஆனால் பாருங்க, வாசலில் வந்து நின்றது கடவுள். இன்றைக்கு வழக்கே என்னன்னா, ஒரு கோப்பை வாசலில் வந்து நின்றால் அதையும் கடவுளாக நினைத்து விதைநெல்லை வாரலாமா என்பதுதான். (கைதட்டல்)

"கொடுக்கலாம்" என்ற அணியின் தலைவி பேசினாங்க. அடேயப்பா! கையில பேப்பர் இல்லாம புள்ளிவிவரமாக் கொட்டினாங்க. 2018இல் நம்ம சென்னை சூப்பர் கிங்ஸ் இரண்டு வருஷத் தடை முடிந்து திரும்பி வந்தது. ஏலத்தில் முப்பது வயசு தாண்டினவங்களாப் பார்த்து வாங்கினாங்க. தோனிக்கு அப்ப 36. ஷேன் வாட்சனுக்கும் 36. "அப்பாக்களின் படை"ன்னு ஊரே கேலி பண்ணியது. இறுதி ஆட்டத்தில் அந்த வாட்சன் 57 பந்தில் 117 ரன், ஆட்டமிழக்காமல். சென்னை கோப்பையை வாங்கியது. "இளைஞன் ஓடுவான், ஆனா எங்கே ஓடணும்னு அனுபவசாலிக்குத்தான் தெரியும்"னு அந்தம்மா சொன்னப்ப, முன்வரிசையில் இருக்கிற பெரியவர்கள் தட்டின தட்டுல எனக்குக் காது அடைச்சுப் போச்சு. (சிரிப்பு)

உடனே "வைக்கணும்" அணியின் தலைவர் எழுந்தாரு. பொன்னேரிப் பக்கத்துத் தம்பி. "அம்மா, டெல்லி கதை தெரியுமா?"ன்னு ஆரம்பிச்சாரு. அந்தக் கதையைத் தம்பி பாதியிலே விட்டுட்டாரு, மணி அடிச்சுட்டதால. நான் முழுசாச் சொல்றேன். ஏன்னா, இந்த வழக்குக்கு இந்தியாவிலேயே அதைவிடப் பெரிய பாடம் கிடையாது.

2008. ஐ.பி.எல். முதல் வருஷம். 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை வென்று திரும்பிய பையன்களை அணிகள் முறை வைத்துத் தேர்ந்தெடுத்தன. முதல் வாய்ப்பு டெல்லிக்கு. அந்தக் கோப்பையை வாங்கி வந்த கேப்டனே டெல்லிப் பையன். பேர் விராட் கோலி. டெல்லி என்ன நினைச்சது? மட்டை பிடிக்கத்தான் நம்மகிட்ட சேவாக் இருக்கார், கம்பீர் இருக்கார், பந்து போட ஆள் எடுப்போம்னு பிரதீப் சங்வான் என்ற வேகப்பந்துக்காரரை எடுத்தது. கோலி பெங்களூருக்குப் போனார். அன்றைய தேவைக்கு அந்தக் கணக்கு சரி. பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்.

அந்த 2008இல் டெல்லி அரையிறுதி வரைக்கும் வந்தது. கோப்பைக்குப் பக்கத்தில் வந்தாச்சு. அடுத்த வருஷம் எப்படியும் வாங்கணும். 2009 போட்டிக்கு முன்னால், ஷிகர் தவான் என்ற 23 வயசுப் பையனை மும்பைக்குக் கொடுத்துவிட்டு, ஆஷிஷ் நெஹ்ரா என்ற அனுபவசாலியை வாங்கியது. நெஹ்ரா ஏமாற்றவில்லை. 19 விக்கெட் எடுத்தார். டெல்லி பட்டியலில் முதலிடம். ஆனால் மறுபடியும் அரையிறுதியில் தோல்வி. அவர்களை ஜெயித்த டெக்கான் சார்ஜர்ஸ் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது.

தவான் என்ன ஆனார்? 2013இல் இந்தியாவுக்காக ஆடிய முதல் டெஸ்டிலேயே 187 அடித்தார். 2016இல் ஐதராபாத் கோப்பையை வாங்கியபோது அந்த அணியின் தொடக்க ஆட்டக்காரர் அவர்தான். இதைப் பார்த்துக்கிட்டே இருந்த டெல்லிக்கு, "அடடா, நம்ம பையனாச்சே"ன்னு தோணாதா? 2018 கடைசியில் ஐதராபாத்திடம் கேட்டு அதே தவானைத் திரும்ப வாங்கியது. அப்ப அவருக்கு 33 நெருங்கிக்கொண்டிருந்தது. சும்மா கொடுப்பாங்களா? பதிலுக்கு மூணு பேரைக் கொடுத்தது. ஒருவர் நம்ம தமிழ்நாட்டு விஜய் சங்கர். இன்னொருவர் ஷாபாஸ் நதீம். மூணாவதா ஒரு 18 வயசுப் பையன். பேர் அபிஷேக் சர்மா. (அவையில் சலசலப்பு)

இப்ப "அடப்பாவமே"ன்னு சொல்றீங்க. அன்னிக்கு யாரும் சொல்லலே. அந்த அபிஷேக் 2025 ஏப்ரலில் பஞ்சாபுக்கு எதிராக 55 பந்தில் 141 அடித்தார். அதே வருஷம் ஜூலையில் சர்வதேச 20 ஓவர் ஆட்டத்தில் உலகின் முதல்நிலை மட்டையாளர் என்று தரவரிசையில் பெயர் வந்தது. ஆக, 23 வயசுத் தவானைக் கொடுத்து மூத்தவரை வாங்கியது. பிறகு மூத்த தவானை வாங்க 18 வயசு அபிஷேக்கைக் கொடுத்தது. ஒரே வீடு, ஒரே வாசல், இரண்டு தடவை விதைநெல் வெளியே போயிருக்கு. 2025 வரை நடந்த 18 போட்டியில் டெல்லி ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கவில்லை. (கைதட்டல்)

பொறுங்க, பொறுங்க. கைதட்டி முடிச்சிட்டீங்கன்னா நான் தீர்ப்பை எழுதிட்டேன்னு அர்த்தம் ஆயிடும். நடுவன்னா தராசோட அந்தத் தட்டையும் பார்க்கணும். திரும்பி வந்த தவான் சும்மா இருந்தாரா? 2019இல் 521 ரன். 2020இல் 618 ரன், அடுத்தடுத்த ஆட்டத்தில் இரண்டு சதம். டெல்லி தன் வரலாற்றிலேயே முதல் முறையாக இறுதி ஆட்டத்துக்குப் போனதே அந்த 2020இல்தான். அபிஷேக் முழுசாப் பூத்தது 2024இல். நடுவில் அஞ்சாறு வருஷம். அதுவரைக்கும் டெல்லி ரசிகன் வெறும் கையோட உட்கார்ந்திருக்கணுமா? "கொடுக்கலாம்" அணிக்காரங்க கேட்ட அந்தக் கேள்வி நியாயமானது.

இன்னொன்றும் சொல்லணும். கோலியை விடாமல் வைத்துக்கொண்டிருந்த பெங்களூர் கோப்பையைப் பார்த்தது எப்போது? 2025 ஜூன் 3. பதினெட்டாவது போட்டியில். அதற்குள் நம்ம சென்னை அஞ்சு கோப்பை வாங்கியாச்சு. வைத்துக்கொண்டால் மட்டும் கோப்பை நடந்து வந்திடாது. பதினேழு வருஷம் பெங்களூர்க்காரங்க பட்ட கிண்டல், வரன் அமையாத வீட்டுல பொண்ணோட அப்பா படுற பாடு! (சிரிப்பு)

நம்ம ஊரில் இந்த விவாதம் 2008க்குப் பிறகு வந்தது. இதையே பல தலைமுறையாகப் பேசிக்கொண்டிருக்கிற நாடு அமெரிக்கா. அங்கே பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். நம்ம கிரிக்கெட் மாதிரி அவங்களுக்கு உயிர். அங்கே டெட்ராய்ட் என்று ஓர் ஊர். கார் கம்பெனிகளால் வளர்ந்த ஊர். சென்னையை "இந்தியாவின் டெட்ராய்ட்"னு சொல்றாங்களே, அந்த டெட்ராய்ட்தான். இங்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்ல ஷிஃப்ட் முடிச்சு வர்ற தம்பி மாதிரி, அங்கேயும் ஷிஃப்ட் முடிச்சு வந்து ஆட்டம் பார்க்கிற ஜனங்க.

1987 ஆகஸ்ட் 12. டெட்ராய்ட் டைகர்ஸ் அணி கோப்பைப் பந்தயத்தில் இருக்கிறது. பந்து வீச ஒரு கை குறைகிறது. அட்லாண்டா அணியிடமிருந்து டாயில் அலெக்சாண்டர் என்ற 36 வயசுக்காரரை வாங்கியது. பதிலுக்குக் கொடுத்தது, தங்கள் மிச்சிகன் மாநிலத்திலேயே பிறந்த 20 வயசுப் பையன் ஜான் ஸ்மோல்ட்ஸ். அலெக்சாண்டர் வந்து ஒன்பது ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார், ஒன்றிலும் தோல்வி இல்லை. டெட்ராய்ட் தன் பிரிவில் முதலிடம். கொண்டாட்டம்! ஆனால் அடுத்த சுற்றில் மின்னசோட்டாவிடம் தோற்றது. 1989 முடிந்ததும் அலெக்சாண்டர் ஓய்வு பெற்றார். ஸ்மோல்ட்ஸ்? அட்லாண்டாவுக்காக 1995இல் உலகத் தொடர் கோப்பை. 1996இல் சிறந்த பந்துவீச்சாளர் விருது. 2015இல் பேஸ்பால் பெருமக்கள் மண்டபத்தில் பெயர்.

சரி, விற்றவன் எல்லாம் கெட்டான் என்று சொல்ல முடியுமா? அதே நாட்டில் சிகாகோ கப்ஸ் என்று ஒரு அணி. 1908க்குப் பிறகு கோப்பையே கிடையாது. தாத்தா பார்க்கலே, அப்பா பார்க்கலே. 2016 ஜூலையில் வாசலுக்கு வந்தது வாய்ப்பு. கிளேபர் டோரஸ் என்ற 19 வயசு இளைஞனையும் இன்னும் மூன்று பேரையும் நியூயார்க்குக்குக் கொடுத்து, அரால்டிஸ் சாப்மன் என்ற அதிவேகப் பந்துக்காரரை வாங்கியது. அந்த வருஷமே கோப்பை! 108 வருஷப் பசி தீர்ந்தது. தொடர் முடிந்ததும் சாப்மன் மூட்டை கட்டிக்கொண்டு நியூயார்க்குக்கே திரும்பிப் போய்விட்டார். பையனும் போனான், வந்தவரும் போனார். ஆனால் சிகாகோவிலே யாராவது ஒருத்தர் வருத்தப்பட்டிருப்பாங்களா? மாறனார் வீட்டு விருந்து மாதிரி, அங்கே வந்தது கடவுளாகவே இருந்துவிட்டது. (கைதட்டல்)

ஆக, வரலாறு இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது. ஜெயித்தால் "தைரியசாலி", தோற்றால் "விதைநெல்லைத் தின்றவன்". பின்னால் திரும்பிப் பார்த்துச் சொல்வது எல்லோருக்கும் சுலபம். மாப்பிள்ளை நல்லவனா அமைஞ்சா "நான் பார்த்த வரன்", இல்லேன்னா "உங்க அக்கா சொன்ன வரன்". (சிரிப்பு)

இப்ப ஒரு விஷயம் கேக்கறேன். ஆறு பேரும் பிரமாதமாகப் பேசினீங்க. அணிக்கு லாபமா, அணிக்கு நஷ்டமா? இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேட்டீங்க. கொடுக்கப்படுகிற அந்தப் பையனுக்கு என்ன ஆகும்னு யாராவது கேட்டீங்களா? (அமைதி) அதைக் கேட்டால்தான் இந்த வழக்கு திறக்கும்.

நம்ம தமிழ்நாட்டுப் பையன் சாய் கிஷோர். இடதுகைச் சுழற்பந்து. 2020, 2021 இரண்டு வருஷமும் சென்னை அணியில் இருந்தார். மஞ்சள் சட்டை உண்டு, சாப்பாடு உண்டு, பயிற்சி உண்டு. ஆட்டம்? ஒன்றுகூட இல்லை. 2022 ஏலத்தில் குஜராத் மூணு கோடிக்கு வாங்கியது. அங்கேதான் முதன்முதலா ஐ.பி.எல். ஆட்டத்தில் இறங்கினார். அந்த வருஷம் குஜராத் கோப்பையே வாங்கியது. சென்னை அவரை இரண்டு வருஷம் வைத்துக்கொண்டதே, அது வளர்த்ததா?

அதே சென்னையில் எதிர்ச்சாட்சியும் இருக்கு. ருதுராஜ் கெய்க்வாட். 2019இல் 20 லட்சத்துக்கு வந்தார். அந்த வருஷம் ஆட்டமே இல்லை. 2020இல் இறக்கினாங்க. முதல் மூன்று ஆட்டத்தில் 0, 5, 0. நம்ம வீடா இருந்தா "இவன் தேறமாட்டான், ஒரு கடை வைச்சுக் கொடுத்துடலாம்"னு சொல்லியிருப்போம். (சிரிப்பு) அவர்கள் மறுபடியும் இறக்கினாங்க. அடுத்தடுத்து மூன்று அரைசதம். மறுவருஷம் 635 ரன், அந்தத் தொடரிலேயே அதிகம். 2021 கோப்பை சென்னைக்கு. அந்த இறுதி ஆட்டத்திலே 86 அடித்த டு பிளெஸ்ஸிக்கு வயசு 37, பக்கத்தில் தொடக்கம் கொடுத்த ருதுராஜுக்கு 24. நாற்றும் இருந்தது, நாற்றை நட்ட அனுபவக் கையும் இருந்தது.

எங்க அப்பா விவசாயி. விதைநெல்லைக் காய வைத்து, வைக்கோல் பிரி சுற்றிக் கோட்டையாகக் கட்டி, மேலே சாணம் மெழுகிப் பரணில் வைப்பார். எங்களுக்குப் பசித்த நாட்களிலும் அதைத் தொட விடமாட்டார். ஆனால் ஆடி பிறந்ததும் முதல் வேலையாக அதை அவிழ்ப்பார். ஒரு கைப்பிடி எடுத்து ஈரச்சாக்கில் முடிந்து முளைப்பு பார்ப்பார். ஒரு தடவை, மழை சரியில்லாத வருஷம், ஒரு கோட்டையை அவிழ்க்காமலே விட்டுவிட்டார். மறுவருஷமும் மழை இல்லை. அதற்கடுத்த வருஷம் ஈரச்சாக்கில் போட்டால், நூறில் பத்துகூட முளைக்கலே. பார்க்க நெல்லுதான். விதை இல்லே. அப்பா அதைக் கையில் வைச்சுக்கிட்டு ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

இதை அப்பா எனக்கு அன்றே காட்டிவிட்டார். நான் கற்றுக்கொள்ளவில்லை. இது என் குற்றம், இந்த மேடையிலேயே ஒத்துக்கொள்கிறேன். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த கல்லூரியில் கிரிக்கெட் அணிக்கு என்னைப் பொறுப்பாளராகப் போட்டாங்க. தமிழாசிரியருக்கும் கிரிக்கெட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. வேற யாரும் "மாட்டேன்"னு சொல்லாம இருந்தது நான்தான். (சிரிப்பு) முதலாம் ஆண்டில் ஒரு பையன் வந்தான். செங்கல் சூளையில் வேலை பார்க்கிற குடும்பம். இடதுகையில் பந்து போடுவான். பந்து தரையில் பட்டதும் பாம்பு திரும்புகிற மாதிரி திரும்பும். அணியில் சேர்த்துக்கொண்டேன். சட்டை கொடுத்தேன், ஷூ வாங்கிக் கொடுத்தேன். ஆட வைக்கவில்லை.

ஏன்? ஒவ்வொரு வருஷமும் எங்களுக்கு ஒரு இறுதி ஆட்டம் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் "இந்தத் தடவை சீனியரை வைத்து ஜெயிச்சிடுவோம், அடுத்த வருஷம் நீதான்"னு சொன்னேன். இரண்டாம் ஆண்டில் சென்னையிலிருந்து ஒரு கிளப்காரர் வந்து, "சார், இந்தப் பையனை எங்க லீக் ஆட்டத்துக்கு விடுங்க, ஒவ்வொரு வாரமும் பந்து போட வைக்கிறோம்"னு கேட்டார். அவங்க ஆட்டமும் எங்க பயிற்சியும் ஒரே நாளில் வந்தது. நான் பெருமையாகச் சொன்னேன், "அவன் எங்க பையன், எங்க எதிர்காலம், விடமாட்டோம்." விடவும் இல்லை, ஆட வைக்கவும் இல்லை. மூணு வருஷம் போச்சு. படிப்பு முடிஞ்சது.

போன வருஷம் இந்தக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஒரு பஸ் நிறுத்தத்தில், கம்பெனி யூனிஃபாரத்தில் நின்ற ஒருவர் வந்து என் காலைத் தொட்டார். அவன்தான். தலையில் நரை. குழந்தைகள் இருப்பதாகச் சொன்னான். கோபமே இல்லை. பஸ் வருகிற நேரத்தில் ஒன்று மட்டும் சொன்னான். "சார், நீங்க என்னை ஆட வைக்கலேன்னு எனக்கு வருத்தம் இல்லே. அன்னிக்கு அவங்க கேட்டப்ப விட்டிருக்கலாம் சார்." (நீண்ட அமைதி)

அந்தப் பஸ்ஸில் அவன் ஏறிப் போய்விட்டான். நான் அங்கேயே நின்றேன். அவனைக் கொடுத்துக் கோப்பை வாங்கியிருந்தால் அவனாவது வேற வயலில் முளைத்திருப்பான். நான் கொடுக்கவும் இல்லை. பரண்மேல் வைத்த கோட்டை மாதிரி வைத்திருந்தேன். அதற்கு "பாசம்"னு பேரும் வைத்திருந்தேன்.

ஆகவே, தீர்ப்புக்கு வருகிறேன். "கொடுக்கலாம்" அணியினர் சொன்னதில் ஒரு உண்மை இருக்கு. அனுபவத்தைக் கேலி பண்ணாதீங்க. 2018இல் நமக்குக் கோப்பை தந்தது முதிர்ந்த கைகள். 2023 இறுதி ஆட்டத்தில், நம்ம சென்னைப் பையன் சாய் சுதர்சன், வெறும் 20 லட்சத்துக்குக் குஜராத் எடுத்த பையன், நம்ம அணிக்கு எதிராகவே 96 அடித்தான். அந்த ஆட்டத்தையும் கடைசி இரண்டு பந்தில் ஒரு சிக்சர், ஒரு ஃபோர் அடித்து மீட்டுக் கொடுத்தவர் 34 வயசு ஜடேஜா. ஆனால் அதே பழைய கைகளை மட்டும் நம்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? 2025இல் சென்னை வரலாற்றிலேயே முதல் முறையாகப் பட்டியலில் கடைசி இடம். அப்புறம்தான் 17 வயசு ஆயுஷ் மாத்ரே மாதிரிப் பையன்களைத் தொடரின் நடுவிலே கூப்பிட்டு இறக்கினாங்க. 2025 நவம்பரில் அதே ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனை வாங்கினாங்க. டிசம்பர் ஏலத்தில் பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்ற இரண்டு இளைஞர்களுக்கு ஆளுக்கு 14 கோடியே 20 லட்சம் கொடுத்தாங்க. அப்பாக்களின் படை அமைத்தவங்களே விதைநெல் வாங்கச் சந்தைக்குப் போனாங்க. இருக்கும்போது விதைக்காதவன், இல்லாதபோது விலை கொடுத்து வாங்குவான். (கைதட்டல்)

எனவே என் தீர்ப்பு: கோப்பைக்குப் பக்கத்தில் நிற்கிற அணியும் இளைஞர்களை வைத்து வளர்க்கத்தான் வேண்டும். (பலத்த கைதட்டல்) இருங்க, இன்னும் முடியலே. "வைத்து" என்பது பாதித் தீர்ப்பு. "வளர்க்க" என்பது மீதி. வயலில் இறக்காமல் வைத்துக்கொள்பவர்கள் இந்தத் தீர்ப்பைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 0, 5, 0 அடித்த பிறகும் நாலாவது ஆட்டம் கொடுக்கிற மனசு இருந்தால் வையுங்கள். அந்த மனசோ இடமோ இல்லை என்றால், நிலம் இருக்கிற இன்னொருத்தர் கையில் கொடுத்துவிடுங்கள். அப்படிக் கொடுக்கும்போது, பதிலுக்கு யார் வருவாங்க என்று கேட்பதற்கு முன்னால், போகிற இடத்தில் இவனுக்குப் பந்து கிடைக்குமா என்று கேளுங்கள்.

இந்தக் கூட்டத்தில் கம்பெனி மேலாளர்கள் இருப்பீங்க. 1961இல் வந்த அப்ரண்டிஸ் சட்டம் பையன்களுக்குத் தொழில் பழக்கச் சொல்லுது. வேலை கொடுத்தே தீரணும்னு கட்டாயப்படுத்தலே. அந்த இடத்தில் உங்க மனசாட்சி பேசணும். மெஷின் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு வருஷம் துடைக்க மட்டும் சொன்னால், அது பயிற்சி இல்லீங்க. பெற்றோர்களும் இருக்கீங்க. "என் பையன் என் பக்கத்திலேயே இருக்கணும்"னு பிடிச்சு வைக்கிற அம்மா, அப்பா, என்னை ஒரு தடவை நினைச்சுக்குங்க. அந்தப் பஸ் நிறுத்தத்தை நினைச்சுக்குங்க.

ஆரம்பத்தில் சொன்னேன், புதுவாயல் என்றால் என் காதில் வயலும் கேட்குது, வாயிலும் கேட்குது என்று. உங்க வீட்டுப் பிள்ளைக்கு விதைக்க வயல் இருந்தால் விதையுங்கள். இல்லையென்றால் வாயிலைத் திறந்துவிடுங்கள். அவன் போய் முளைக்கட்டும்.

(நீண்ட கைதட்டல்)